மேலாளர் சரியில்லை, வேலை பிடித்திருக்கிறது: சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் இருப்பதா, கிளம்புவதா?

கேள்வியின் சாரம் இது. கேட்டவர் சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலை முடித்தவர். சிங்கப்பூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை அனுமதியில், மூன்றாவது வருடமாக இருக்கிறார். மேலாளர் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டுத் திங்கள் காலைக்கு ரிப்போர்ட் கேட்கிறார். கூடுதலாக உழைத்த நேரத்தை டைம்ஷீட்டில் போடாதே என்கிறார். கிளையண்ட் முன்னால் திட்டுகிறார். சமீபத்தில் ஒரு லேப் முடிவைப் "பார்த்துச் சரிசெய்" என்றும் சொல்லியிருக்கிறார். ஊரில் வீட்டுக்கடன் ஓடுவதால், பொறுத்துப் போ என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?

இந்தத் துறையில் நெடுங்காலமாக இருக்கிறேன், ஆட்களை மேய்க்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் அடுக்கிய ஐந்து குறைகளில் நான்கு உங்களைச் சோர்வாக்குபவை. ஐந்தாவது வேறு ரகம். லேப் முடிவு பற்றிய அந்த ஒற்றை வரியைப் போகிறபோக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மோசமான மேலாளர் எல்லாத் தொழிலிலும் உண்டு. நம் தொழிலில் விற்கும் சரக்கு ஒன்றுதான்: நாம் எழுதிக்கொடுக்கும் எண்ணை அடுத்தவர் நம்பி முடிவெடுக்கலாம் என்பது. மேலாளரின் கோளாறு உங்கள் தூக்கத்தோடு நிற்கிறதா, அந்த எண்ணையும் தொடுகிறதா? இருப்பதா கிளம்புவதா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

"பார்த்துச் சரிசெய்" என்று அவர் எதைக் கேட்டார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், அதற்கு நியாயமான பொருளும் இருக்க முடியும். கட்டுமான சைட்டிலிருந்து பொது வடிகாலுக்குப் போகும் நீரில் டிஎஸ்எஸ், அதாவது மிதந்து வரும் மண்துகள், லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பெருமழை பெய்த மறுநாள் நீங்கள் எடுத்த சாம்பிள் 68 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். பாட்டில் வடிகாலின் அடியில் இடித்துச் சேற்றைக் கிளப்பியதா, ஐஸ்பெட்டியில் வைக்காமல் வேனிலேயே அரைநாள் கிடந்ததா, லேபில் கணக்கு பிசகியதா என்று மேலாளர் துருவிக் கேட்டால் அது அவர் கடமை. மறுபடி சாம்பிள் எடுக்கச் சொல்வதிலும் தவறில்லை. 68ஐ அட்டவணையிலிருந்து தூக்கிவிட்டு, இன்றைக்கு வந்த 31ஐ நேற்றைய தேதியில் போடச் சொன்னால் அது பொய் ஆவணம்.

சத்த அளவீட்டிலும் இதே கதைதான். மீட்டரை வைப்பதற்கு முன்பும் எடுத்த பிறகும் 94 டெசிபெல் கேலிப்ரேட்டரை, அதாவது மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் கருவியை, மாட்டிப் பார்க்கிறோம். முன்னதற்கும் பின்னதற்கும் அரை டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இடையில் எடுத்த அளவீடு முழுக்கச் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். போன மாத கேலிப்ரேஷன் ஷீட்டின் தேதியை மட்டும் மாற்றி ஒட்டச் சொல்கிறார் என்றால், சைட்டுக்கு எதிர் புளோக்கில் இரவெல்லாம் தூங்காமல் புகார் கொடுத்த குடும்பத்தின் பேச்சுக்கு மதிப்பில்லாமல் செய்யச் சொல்கிறார். நிலத்தடி நீரில் ஆவியாகும் வேதிப்பொருளைச் சோதிக்க 40 மில்லி குப்பியில் நீர் பிடிப்போம் இல்லையா? மூடியைத் திருகி, கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்த்தால் ஒரு குமிழிகூட மேலே ஏறக் கூடாது. ஏறினால் அந்தக் காற்றுக்குள் பென்சீன் போய்ச் சேரும், முடிவு குறைவாக வரும். "நேரமாகிறது, அப்படியே அனுப்பு" என்று சொல்பவருக்கு அது ஒரு குப்பி. அந்த எண்ணை நம்பி அதே தொழிற்பேட்டை நிலத்தை அடுத்து குத்தகைக்கு எடுப்பவருக்கு, யாரோ விட்டுப்போன எண்ணெய்க் கசிவைச் சொந்தச் செலவில் சுத்தம் செய்யும் நிலை வரலாம்.

சரி, அப்படி ஒரு வேலையைச் சொன்னால் என்ன செய்வது? சண்டை போட வேண்டாம். அன்றைக்கே ஒரு மெயில்: "காலையில் பேசியபடி மறுசாம்பிள் எடுத்துவிட்டேன். முதல் முடிவு 68, மறுசாம்பிள் 31. இரண்டையும் அட்டவணையில் போட்டு, மழை விவரத்தையும் வண்டல் தொட்டியைத் தூர்வாரியதையும் கீழே குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். வேறு மாதிரி வேண்டுமென்றால் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். பாதி மேலாளர்கள் இத்துடன் பேசாமல் விட்டுவிடுவார்கள், எழுத்தில் "68ஐ எடு" என்று பதில் போட யாருக்கும் கை வராது. இது கிளையண்டுக்கும் நல்லதுதான். வரம்பு தாண்டியது, காரணம் இது, எடுத்த நடவடிக்கை இது, மறுபடி அளந்தபோது இவ்வளவு என்று காட்டுவதற்குத்தானே கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது? மாதாமாதம் ஒரு பிசகும் இல்லாத அட்டவணையைப் பார்த்தால் அனுபவமுள்ள அதிகாரிக்குத்தான் முதலில் சந்தேகம் வரும்.

அப்புறம், அசல் முடிவு லேபில் எப்படியும் இருக்கும். அங்கீகாரம் பெற்ற லேப் தன் பதிவுகளை இஷ்டத்துக்கு அழிக்காது. சாம்பிள் கைமாறிய படிவத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. நாளைக்கு யாராவது விசாரித்தால் "மேலாளர் சொன்னார்" என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள். மெயில் போட்ட பிறகும் வற்புறுத்தினால் அவருக்கு மேலே இருக்கும் தொழில்நுட்ப இயக்குநரிடமோ தரக்கட்டுப்பாட்டைப் பார்ப்பவரிடமோ போங்கள். அவர்களும் கண்டுகொள்ளவில்லை என்றால், அது ஓர் ஆளின் குறையாக இருக்காது, நிறுவனத்தின் பழக்கமாக இருக்கும். வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.

கொஞ்சம் பெரிய படத்தையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. திட்ட அனுமதி நடைமுறைக்குள்ளேயே அது வருகிறது. ஆய்வு செய்யும் ஆலோசகருக்குப் பணம் கொடுப்பவர் கட்டப்போகிறவர்தான். அதனால் ஆலோசகரின் நேர்மைக்கு இங்கே எடை அதிகம். குறுக்குத்தீவு ரயில் பாதைக்காக மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதியில் செய்த முதற்கட்ட மதிப்பீடு 2016ல் வெளியானபோது, இயற்கை ஆர்வலர்கள் அதை வரிக்கு வரி படித்தார்கள். பாதை வனத்துக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போவது என்று 2019ல்தான் முடிவானது. கிராஞ்சியில் நடந்ததும் நினைவிருக்கும்: உயிரினப் பன்மை ஆய்வு முடிவதற்குள் சுமார் 4.5 ஹெக்டர் காடு தவறுதலாக வெட்டப்பட்டுவிட்டது என்று 2021 பிப்ரவரியில் தெரியவந்தது. ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எது முடியும்வரை எதைத் தொடக் கூடாது என்ற தகவல் எல்லாருக்கும் போய்ச் சேருவதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நிர்வாகம் மோசம் என்றால் ஊழியர் மனவருத்தம் என்று மட்டும் நினைக்கிறோம். இந்தத் தொழிலில் அது மரத்திலும் வடிகாலிலும் போய் முடியும்.

இனி டைம்ஷீட். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றியிருக்கலாம். நான் பார்த்தவரை மற்ற எல்லாக் கோளாறுக்கும் வேர் இங்கேதான். டெண்டர் பெரும்பாலும் மொத்தத் தொகைக்கு. போட்டியில் ஜெயிக்க, 90 மணிநேரம் பிடிக்கும் ரிப்போர்ட்டுக்கு 40 மணிநேரம் போட்டு விலை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்துவிடும். மீதி 50 மணிநேரம் எங்கிருந்து வரும்? உங்கள் சனி ஞாயிறிலிருந்துதான். அதை டைம்ஷீட்டில் போட்டால் புராஜெக்ட் நட்டம் என்று தெரிந்துவிடும், மேலாளரின் கணக்கு கெடும். அதனால் "போடாதே" என்கிறார். நீங்களும் 40 என்று எழுதுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு டெண்டர் வரும்போது பழைய கணக்கை எடுத்துப் பார்ப்பவர், இந்த மாதிரி ரிப்போர்ட்டை 40 மணிநேரத்தில் முடித்திருக்கிறார்களே என்று இந்த முறை 38 போடுவார். வெள்ளி சாயங்காலத்து அவசரம், ஆள் பற்றாக்குறை, ஒரே ஆளை மூன்று சைட்டுக்கு ஓட விடுவது, குமிழி பார்க்க நேரமில்லாமல் போவது எல்லாம் இந்தப் பொய்க் கணக்கிலிருந்து முளைப்பவைதான். உங்கள் மேலாளர் கெட்ட மனிதராகக்கூட இருக்க வேண்டியதில்லை. நல்ல விஞ்ஞானி என்பதால் பதவி உயர்ந்து, ஆட்களையும் பணத்தையும் நிர்வகிக்க யாரும் சொல்லித்தராமல் திணறுபவர்கள் நம் துறையில் ஏராளம்.

ஆகவே உண்மையான நேரத்தை எழுதுங்கள். புராஜெக்ட் கணக்கில் போட விடமாட்டேன் என்றால், கட்டணம் வசூலிக்க முடியாத பொதுக் கணக்கு ஒன்று இருக்கும், அதிலாவது போடுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் தனியாக எழுதி வையுங்கள். அடுத்த புராஜெக்ட் தொடங்கும் கூட்டத்தில், "போன தடவை பறவைக் கணக்கெடுப்புக்கு மட்டும் இவ்வளவு நேரம் போனது, இந்த முறை பட்ஜெட்டில் அதில் பாதிதான் இருக்கிறது, எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். வேலை அதிகம் என்று பொதுவாகப் புலம்பினால் எந்த மேலாளருக்கும் காது கேட்காது. எதை விடலாம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் கேட்கும்.

கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கேட்கலாமா என்று யோசிப்பீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து வேலை நியமனச் சட்டம் நிர்வாகிகள், உயர்தொழில் வல்லுநர்கள் உட்பட ஏறத்தாழ எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும். ஆனால் வேலை நேரம், மிகைநேர ஊதியம் பற்றிய அதன் நான்காம் பகுதி, உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதவர்களில் மாதம் 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை வாங்குபவர்களுக்குத்தான். எம்ப்ளாய்மென்ட் பாஸ் சம்பளத்துக்கு அது எட்டாது. ஒப்பந்தத்தில் ஈட்டு விடுப்பு, அதாவது கூடுதல் வேலைக்குப் பதிலாக விடுப்பு, என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இரவு ஆய்வுக்குப் போனால் மறுநாள் காலை விடுப்பு என்பதைப் பல நிறுவனங்கள் கேட்டால் கொடுக்கும்.

பேரம் பேசவே கூடாத இடம் ஒன்று இருக்கிறது: பாதுகாப்பு. தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சாம்பிளுக்கு உங்களைத் தனியாக அனுப்பி, குழிக்குள் இறங்கி எடுத்துவிடு என்றால் இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மேலே வரமாட்டார். அடைபட்ட இடத்துக்குள் நுழைய வாயுப் பரிசோதனை, அனுமதிப் படிவம், வெளியே காவலுக்கு ஓர் ஆள் என்று எல்லாம் வேண்டும் என்பது 2009லிருந்து விதி. நீளக்கழியில் பாத்திரம் கட்டி மேலிருந்தே மொண்டுகொள்ள முடியும்போது இறங்கத் தேவையும் இல்லை. காட்டுக்குள் இரவு ஆய்வுக்கு ஒற்றை ஆளாகப் போவதும் அப்படியே. வெயிலுக்கும் விதி இருக்கிறது. ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடுமையான உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு என்று 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்தது. மண் துளையிடும் வேலை அதில் வரும். நல்லெண்ணத்தோடு அதிகாரிகளிடம் பாதுகாப்புக் குறை சொன்னதற்காக ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தடுக்கிறது.

திட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளையண்ட் முன்னால் நடந்தால் அங்கே பதில் பேசாமல், அன்றைக்கே தனியாகச் சந்தித்து, "தவறு இருந்தால் திருத்துகிறேன், ஆனால் வெளியாட்கள் முன்னால் சொன்னால் அடுத்த முறை சைட்டில் என் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்" என்று வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். பலருக்கு அது உறைக்கும். உறைக்காமல் தொடர்ந்து அவமதிப்பு, மிரட்டல் என்று போனால் தேதியோடு குறித்து வைத்து மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கேயும் பலன் இல்லையென்றால் நியாயமான வேலை நடைமுறைகளைப் பார்க்கும் முத்தரப்புக் கூட்டணியை நாடலாம், டாஃபெப் என்றால் எல்லாருக்கும் தெரியும். குறித்து வைப்பதில் ஓர் எச்சரிக்கை: யார், எப்போது, என்ன சொன்னார் என்பது உங்கள் குறிப்பு. கிளையண்டின் ரிப்போர்ட்டையும் தரவையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்வது ஒப்பந்த மீறல். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதை வைத்தே உங்களை மடக்கிவிடுவார்கள்.

பாஸ் பற்றிய பயத்துக்கு வருவோம். லிட்டில் இந்தியாவில், நம் தேக்காவில், ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைப் பார்த்தால் நாலு விதமாகச் சொல்வார்கள்: பழைய கம்பெனி சம்மதிக்காமல் மாற முடியாது, ரிசைன் பண்ணினால் அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. இரண்டும் சரியில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்கு மாறாது. புதியவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் பழையவரின் சம்மதம் தேவையில்லை. ஆகவே புதிய பாஸுக்குக் கொள்கையளவில் அனுமதி கிடைத்த பிறகு ராஜினாமா கொடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பாஸ் ரத்தானால் வழக்கமாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும், ஆனால் அந்த முப்பது நாளை நம்பி வேலை தேடுவது குடும்பத்தோடு இருப்பவருக்குப் பெரும் நெருக்கடி. புதிய விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளியாக உயர்ந்தது. வயது கூடக் கூட அந்த வரம்பும் ஏறும். சம்பளம், படிப்பு போன்றவற்றுக்குப் புள்ளி போடும் காம்பஸ் கணக்கும் உண்டு. சம்பளம் பேசுவதற்கு முன்பே மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கும் சுயமதிப்பீட்டில் உங்கள் விவரத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பலரும் தடுமாறும் இன்னொரு இடம் கடைசிச் சம்பளம். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால், ஐஆர்21 என்ற வருமானவரிப் படிவத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். ராஜினாமா தெரிந்த நாளிலிருந்து உங்களுக்குச் சேரவேண்டிய பணத்தை அவர் நிறுத்தி வைப்பார். இங்கேயே வேறு வேலைக்கு மாறினாலும் இது உண்டு. பழிவாங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள், சட்டப்படி அவர் செய்ய வேண்டியது அது. வரி தீர்ந்ததும் மிச்சம் வந்துவிடும். ஆனால் அந்த மாதம் ஊருக்கு அனுப்பவேண்டிய கடன் தவணையை முன்னாலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் சம்பளம் வரவில்லை என்றால் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில், டாடெம் என்பார்களே, வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். முறையின்றி நீக்கப்பட்டதாகக் கருதினால் கெடு ஒரே மாதம்தான். முதலில் சமரசம், முடியாவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், தொழிற்சங்கத்தின் வழியாகப் போனால் 30,000 வரை.

எங்கே போகலாம் என்பதையும் ஆலோசனை நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மண்ணரிப்புக் கட்டுப்பாட்டில் தகுதிபெற்றவர்களையும், பதிவுபெற்ற சுற்றுச்சூழல் கட்டுப்பாட்டு அதிகாரிகளையும் கட்டுமானக் குத்தகைக் கம்பெனிகள் வேலைக்கு எடுக்கின்றன. ஆலைகளிலும் சுற்றுச்சூழல், பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. கரிம வரி 2024ல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026ல் 45 வெள்ளி என்று ஏறியதால் வெளியேற்றத்தை அளந்து கணக்குக் காட்டத் தெரிந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. சைட்டில் நேர்மையாக அளந்து பழகியவருக்கு அங்கே மதிப்பு உண்டு.

லேப் விஷயம் மெயிலோடு ஓய்ந்துவிட்டால், இன்னும் ஒரு வருடம் இருந்து ஒரு முழுத் திட்டத்தை டெண்டரிலிருந்து கடைசி ரிப்போர்ட் வரை பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஓயவில்லை என்றால் இந்த மாதமே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். எப்படியானாலும் அடுத்த நிறுவனத்தின் நேர்முகத்தில் நீங்களும் கேள்வி கேளுங்கள்: இரவு ஆய்வுக்கு எத்தனை பேரை அனுப்புவீர்கள்? பட்ஜெட்டைத் தாண்டிய நேரத்தை டைம்ஷீட்டில் எப்படி எழுதுவது? வரம்பு தாண்டிய முடிவு வந்தால் கிளையண்டிடம் யார் சொல்வது? இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் எங்கே போனார்? பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்படும் மதிப்பீட்டு ரிப்போர்ட்டுகள் பலவற்றில் ஆய்வுக்குழுவின் பெயர்ப் பட்டியல் இருக்கும். அந்த நிறுவனம் வெவ்வேறு வருடங்களில் செய்த இரண்டு மூன்று ரிப்போர்ட்டை எடுத்து அந்தப் பக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தலைவர் பெயர் மட்டும் அப்படியே இருந்து, கீழே உள்ள பெயர்கள் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் புதிதாக இருந்தால், அங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன் அவர்களில் ஒருவரையாவது தேடிப்பிடித்துப் பேசிவிடுங்கள்.